சண்டை ரெக்கார்டு

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே பாத்திமா மேரி வீடு நிறைய ஆட்களுக்குக் காப்பி போட்டாள். அவளைப் பார்த்துவிட்டுப் போக வந்தவர்கள்தான். ஒரு கையால் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஆற்றினாள். கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அவளுடைய நோயைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். "பொழச்சு வந்ததே பெரிசு" என்றது ஒரு குரல். "கண்ணு இன்னும் மஞ்சளாத்தான் இருக்குது" என்றது இன்னொன்று. "பாத்திமா, எனக்குச் சர்க்கரை போடாத, தனியா வெச்சிடு" என்றது மூன்றாவது.

சர்க்கரையைத் தனியாக வைத்தாள். வைக்கும்போது கிண்ணம் மேடையில் டக்கென்று இடித்தது. பலவீனத்தால் பாதி, கோபத்தால் பாதி.

நன்னிலத்துக்குக் கிழக்கே, வாய்க்காலை ஒட்டிய தெருவில் அவள் வீடு. வயது அறுபத்தொன்று. கணவர் ஞானாதிக்கம் சரக்குக் கப்பலில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாரடைப்பில் இறந்து நான்கு வருடம் ஆகிறது. மகன் ரெஜின் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். மகள் பிரின்ஸி திருச்சியில் குடியிருக்கிறாள். இரண்டு ஏக்கர் நஞ்சையைப் பாத்திமா மேரி யாருக்கும் விடாமல் தானே பயிர் செய்தாள். நாற்று விடுவதிலிருந்து மெஷின் பிடித்து அறுப்பது வரை எல்லாம் அவள் பேச்சுத்தான். பேச்சென்றால் சத்தமான பேச்சு. வரப்பில் நின்று அவள் கூப்பிட்டால் மெயின் ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஐப்பசி மழையில் வயலில் தண்ணீர் ஏறி நின்றது. வடிகாலில் செத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட வருகிறேன் என்று சொன்ன ஆள் வரவில்லை. நட்ட பயிர் அழுகிவிடுமே என்று அவளே நாகம்மாளைக் கூப்பிட்டுக்கொண்டு இறங்கினாள். நாகம்மாள் பல வருடமாக அவள் வயலில் வேலை செய்கிறவள். இரண்டு பேரும் முழங்கால் தண்ணீரில் பாதி நாள் நின்றார்கள். பாத்திமா மேரியின் குதிகாலில் ஒரு வெடிப்பு இருந்தது. அதை யார் பெரிசாக நினைப்பார்கள்?

ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தது. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டாள். ஆடுசதை அடித்துப் போட்டதுபோல் வலித்தது. கண் சிவந்து, பிறகு மஞ்சளானது. வேலைக்கு வந்த நாகம்மாள் அவள் கிடந்த கிடையைப் பார்த்துவிட்டு ஆட்டோ பிடித்துத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனாள். நன்னிலத்தில் பார்த்தவர்கள் உடனே தஞ்சாவூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அங்கே போய்ச் சேர்ந்தபோது அவளுக்குச் சிறுநீர் இறங்குவது நின்றுபோயிருந்தது.

"எலிக்காய்ச்சல்மா. எலி மூத்திரம் கலந்த தண்ணி கால் வெடிப்பு வழியா உள்ள போயிருக்கு" என்றார் டாக்டர்.

நினைவு தெளிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "எலியா?" என்பதுதான். நெல்லைத் தின்கிற எலி தன்னையும் தின்றுவிடப் பார்த்ததே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. நான்கைந்து முறை டயாலிசிஸ் செய்தார்கள். ரெஜின் ஓடி வந்தான், ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே தூங்கினான். அதில் அவனைக் குறை சொல்ல முடியாது. சிறுநீரகம் மெதுவாக வேலை செய்யத் தொடங்கியது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: மூன்று மாதம் ஓய்வு, உப்பு குறைவு, கூட்டம் கூடாது, அடுப்படி வேலை கூடவே கூடாது. ரெஜினும் தலையாட்டினான், பிரின்ஸியும் தலையாட்டினாள்.

ஓய்வு என்றால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. டிவி பார்த்தால் தலை சுற்றியது. ஜெபமாலையைக் கையில் எடுத்தால் பாதியில் எந்த மணியில் இருக்கிறோம் என்று மறந்துபோனது. கட்டிலிலிருந்து கூடம் வரை நடக்கவே மூச்சு வாங்கியது. அவளால் முடிந்தது ஒன்றே ஒன்றுதான். ரெக்கார்டு பிளேயரில் ஒரு தட்டைப் போட்டு, சாய்வு நாற்காலியில் படுத்துக் கேட்பது.

அந்த வீட்டில் இருந்தவை எல்லாம் ஜாஸ் ரெக்கார்டுகள். ஞானாதிக்கம் கப்பல் போன துறைமுகங்களில் பழைய கடைகளாகத் தேடிப் பிடித்து வாங்கி வந்தவை. பாத்திமா மேரிக்கு அவற்றில் இருக்கும் பெயர்கள் வாயில் நுழையாது. அவளே பெயர் வைத்திருந்தாள். டிரம்ஸ்காரர் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே இருப்பது 'மழை ரெக்கார்டு'. டிரம்பெட் ஒன்று யாரோடும் சேராமல் தாழ்ந்த குரலில் தனியாகப் புலம்புவது 'கோவிச்சுக்கிட்ட ரெக்கார்டு'. எல்லாவற்றையும்விட அவளுக்குப் பிடித்தது 'சண்டை ரெக்கார்டு'. இரண்டு சாக்ஸபோன்கள். ஒன்று ஏதோ சொல்லும், இன்னொன்று பாதியிலேயே மறுத்துப் பேசும். முதலாவது கத்தும், இரண்டாவது அதைவிடக் கத்தும். பின்னாலிருந்து பியானோ நடுவில் புகுந்து சமாதானம் பண்ணப் பார்க்கும், இரண்டும் சேர்ந்து அதையும் விரட்டும். கடைசி வரை எதுவும் விட்டுக்கொடுக்காது. ஆனாலும் தாளம் ஓர் இழைகூடத் தப்பாது. கேட்டு முடிக்கும்போது அவளுக்கு வயலில் நல்ல சண்டை ஒன்றை ஜெயித்துவிட்டு வந்ததுபோல் இருக்கும். நோய் வந்த பிறகு உடம்பில் ரத்தம் ஓடுவதையே அந்த ரெக்கார்டு ஓடும்போதுதான் உணர்ந்தாள்.

அரையாண்டு லீவு விட்டதும் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். ரெஜின், அவன் மனைவி ஜாஸ்லின், அவர்களுடைய இரண்டு குழந்தைகள். மறுநாள் பிரின்ஸி, அவள் கணவர், கைக்குழந்தை. "அம்மா தனியா இருக்கக் கூடாதுன்னுதான் எல்லாரும் வந்துட்டோம்" என்றாள் பிரின்ஸி. சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூங்க வைக்கப் போனவள், குழந்தை எழும் வரை தானும் தூங்கினாள்.

முதல் நாள் ஜாஸ்லின் சமைத்தாள். இரண்டாம் நாளும் அவளே சமைத்தாள். மூன்றாம் நாள் ரெஜின், "அம்மா, ஒன் மீன் கொழம்பு சாப்புட்டு எவ்ளோ நாளாச்சு. நீ ஒண்ணும் செய்ய வேணாம், பக்கத்துல நின்னு சொல்லு, போதும்" என்றான். பக்கத்தில் நின்று சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே புளியைக் கரைத்தாள். அப்புறம் அடுப்படி தானாகவே அவள் பக்கம் நகர்ந்து வந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு அச்சு முறுக்கு சுட வேண்டும் என்றார்கள். எண்ணெய்ச் சட்டி முன்னால் ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள். ஸ்டூல் போட்டுக் கொடுத்ததைப் பிரின்ஸி பெரிய உதவிபோல் எல்லோரிடமும் சொன்னாள்.

நோய் விசாரிக்க வருகிறவர்கள் நிற்கவே இல்லை. ஆப்பிள், சாத்துக்குடி, ஊட்டச்சத்து மாவு டப்பா. பழம் அதிகம் சாப்பிடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் எல்லாம் மற்றவர்கள் வாயில் போனது. வந்தவர்கள் சாயங்காலம் வரை உட்கார்ந்தார்கள். வந்த ஒவ்வொருவருக்கும் தெரிந்த யாரோ ஒருவர் இதே காய்ச்சலில் செத்துப்போயிருந்தார்.

கிறிஸ்துமஸ் குடில் வைக்க இடம் வேண்டும் என்று ரெஜின் கூடத்தில் இருந்த ரெக்கார்டு பிளேயரையும் ரெக்கார்டு அலமாரியையும் நெல் மூட்டை போடுகிற உள்ளறைக்கு நகர்த்தினான். "என்னைக் கேட்டியா?" என்றாள்.

"குழந்தை இயேசுவுக்குத்தானேம்மா" என்று சிரித்தான்.

அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவும் இல்லை. எல்லோரும் அவளுக்குப் பத்தியம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஞானாதிக்கத்தின் அண்ணன் பெரியநாயகசாமி தஞ்சாவூரில் இருந்தார். அரசாங்க வேலையில் ஓய்வு பெற்றவர். குடும்பத்தில் மூத்தவர் என்பதால் எதற்கும் அவர் ஒரு யோசனை வைத்திருப்பார். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் கழித்து நன்றிப் பூசை வைக்க வேண்டும் என்றார். "பாத்திமா செத்துப் பொழச்சு வந்துருக்கா. மாதாவுக்கு நன்றி சொல்ல வேணாமா? பூசை முடிஞ்சு வீட்டுல ஒரு சாப்பாடு. சொந்தக்காரங்களும் எல்லாரையும் பாத்த மாதிரி இருக்கும்."

பிரியாணியை நன்னிலத்திலிருந்து ஒரு சமையல்காரர் செய்து அனுப்புவதாக ஏற்பாடு. கத்திரிக்காய், ரசம், பாயாசம் மட்டும் வீட்டில். "அது என்னா பெரிய வேலை" என்றார் பெரியநாயகசாமி.

பூசைக்குப் பாத்திமா மேரி போனாள். முழந்தாள் போட முடியாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு உடம்பு சுகம் கிடைத்ததற்காகப் பங்குத்தந்தை ஜெபித்தார். அந்த நேரம் அவள் நினைத்துக்கொண்டிருந்தது ஊற வைத்த ஜவ்வரிசியை.

வீடு திரும்பியதும் கூடம் நிறைந்துவிட்டது. ஆண்கள் ஃபேனுக்குக் கீழே நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். பெண்கள் கைக்குழந்தையைக் கை மாற்றிக் கொஞ்சினார்கள். அடுப்படியில் அவளும் ஜாஸ்லினும் மட்டும். மாமியாருக்கும் மருமகளுக்கும் அப்படியொன்றும் ஒட்டுதல் கிடையாது. கல்யாணம் ஆனதிலிருந்து தேவையானதை மட்டும் பேசிக்கொள்வார்கள். அன்றைக்கும் அப்படித்தான் பேசாமல் கத்திரிக்காய் வதக்கினார்கள்.

பாயாசத்தைக் கிண்டும்போது பாத்திமா மேரியின் முழங்கால் மடங்கியது. மேடையைப் பிடித்தாள், கை வழுக்கியது. அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஜாஸ்லின் திரும்பிப் பார்த்தாள். கத்தவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. தண்ணீர் கொண்டு வந்து கொடுத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அத்தை, கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. இவ்ளோ பேருக்கு நீங்க ஏன் செய்யணும்? நான் ஏன் செய்யணும்?"

"நீ ஏன் செய்யணும்னு எனக்கும் தெரியல."

"நான் வந்த நாள்லேருந்து இந்த அடுப்பைத் தவிர எதையும் பாக்கல. எங்கம்மா வீட்டுக்குப் போயி ஒரு நாள் இருந்துட்டு வர்றேன்னேன். ஒங்களுக்கு ஒடம்பு சரியில்லாதப்பவான்னு இவரு கேக்கறாரு." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எந்திரிங்க. உள்ள போயி ஒங்க பாட்டைப் போட்டுக்கிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடுங்க. இதை நான் பாக்கறேன்."

பாத்திமா மேரி சுவரைப் பிடித்தபடி உள்ளறைக்குப் போனாள். பிளேயர் மூட்டைகளுக்கு நடுவில் இருந்தது. அலமாரியைத் திறந்தாள். காலி. ஒரு தட்டுகூட இல்லை.

ஒரு நொடி தனக்குத்தான் காய்ச்சலில் புத்தி பிசகிவிட்டதோ என்று நினைத்தாள். பிறகு கூடத்துக்கு வந்தாள்.

"ரெஜின், ரெக்கார்டெல்லாம் எங்க?"

அவன் பெரியப்பாவைப் பார்த்தான். "சாப்பாடு முடிஞ்சு சொல்லலாம்னு இருந்தோம்மா. பெரியப்பா ரொம்ப ஆசையா கேட்டாரு. அப்பா ஞாபகமா அவரு வீட்டுல இருக்கட்டும்னு… அவரு கார்ல ஏத்தியாச்சு."

"யாரைக் கேட்டு?"

"எப்படியும் நீ எங்ககூட மெட்ராஸ் வரப்போற. அந்த ஃபிளாட்ல எடம் ஏதும்மா?"

"நான் மெட்ராஸ் வரப்போறனா?"

"ஒன்னைத் தனியா விட்டுட்டு எங்களால எப்படி நிம்மதியா இருக்க முடியும்? நெலத்துக்கு வைரக்கண்ணு மாமாகிட்ட பேசிட்டேன். அடுத்த போகத்துலேருந்து குத்தகைக்கு எடுத்துக்கறேன்னுட்டாரு."

வைரக்கண்ணு பக்கத்து வயல்காரர். நாலைந்து நாளாக வாசலில் பார்க்கும்போதெல்லாம் அவர் ஏன் அவ்வளவு பணிவாகச் சிரித்தார் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஊருக்கே தெரிந்திருக்கிறது. அவளுக்கு மட்டும் பாயாசம் வேலை.

பெரியநாயகசாமி எழுந்து வந்தார். குரலைத் தாழ்த்தி, நோயாளியிடம் பேசுகிற தோரணையில் பேசினார். "பாத்திமா, உக்காரும்மா மொதல்ல. என் தம்பி ஞாபகமா எங்கிட்ட என்னா இருக்கு சொல்லு? ஒண்ணுமே இல்ல. இதாவது இருக்கட்டுமேன்னு நெனைச்சேன். நீயும் தெனம் அதைப் போட்டுக் கேட்டுக்கிட்டு, அவனை நெனைச்சு மனசைக் கெடுத்துக்கறன்னு பிரின்ஸி சொல்லிச்சு. ஒடம்பு தேறணும்னா பழசையெல்லாம் விடணும்."

"ஒங்க தம்பிய நெனைச்சுக்கிட்டு நான் கேக்கல மாமா" என்றாள் பாத்திமா மேரி.

"சரி, சரி…"

"சரியில்ல. நல்லா கேட்டுக்குங்க. எனக்குப் புடிச்சிருக்குது. அதனால கேக்கறேன். ஒங்க தம்பிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கைக்குழந்தையை வைத்திருந்த பெண் அதைத் தட்டிக்கொடுப்பதைக்கூட நிறுத்திவிட்டாள்.

"அவரு இருந்த வரைக்கும் பாட்டு கேக்கற ரூம் கதவு எனக்குத் தொறந்ததில்ல. லீவுல வந்தா கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்துருவாரு. டீ கொண்டு போனா வாசல்லயே வாங்கிக்குவாரு. ஒரு நாள், என்னாங்க பாட்டு இது, நானும் கேக்கறனேன்னேன். ஒனக்கு என்னா புரியப்போவுதுன்னாரு. அதோட சரி. கப்பலை விட்டு வந்தப்புறமும் அதே கதவு, அதே டீ. அவரு போய்ச் சேந்த மறுமாசம், அப்படி என்னாதான் எனக்குப் புரியாததுன்னு பாக்கறதுக்குத்தான் மொதல்ல அதைப் போட்டேன். ஆத்தரத்துல போட்டேன். மொத நாள் ஒண்ணும் புரியல. மறுநாள் போட்டேன். அப்புறம் புரிஞ்சுது. அவருக்குப் புரிஞ்சதவிட எனக்கு நல்லாவே புரிஞ்சுது."

பிரின்ஸி அழத் தொடங்கினாள். "அம்மா, அப்பாவைப் பத்தி இத்தனை பேர் முன்னாடி ஏம்மா…"

"இத்தனை பேரைக் கூப்புட்டது நானா? நான் பொழச்சதுக்குத்தானே விருந்து? அப்ப நான் பேசறதைக் கேட்டுட்டுப் போங்க. ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததுலேருந்து நான் ஒக்காந்த நேரத்தைவிட நின்ன நேரம்தான் அதிகம். என்னைப் பாத்துக்க வந்தோம்னு சொல்றீங்க. நான்தான் ஒங்களைப் பாத்துக்கறேன். ஒண்ணு, பாத்துக்க வாங்க. இல்ல, விருந்தாளியா வாங்க. விருந்தாளியா வந்துட்டுப் பாத்துக்கறோம்னு ஊர்ல சொல்லாதீங்க."

ரெஜினுக்கு முகம் சிவந்துவிட்டது. "அம்மா, போதும். ஒனக்கு ஒடம்பு முடியல, அதான் இப்படியெல்லாம் வருது. உள்ள போ."

"கார்லேருந்து எல்லாத்தையும் எறக்கு."

"அம்மா…"

"எறக்குடா!"

அந்தக் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. நோய்க்குப் பிறகு அவள் அப்படிக் கத்தியதே இல்லை. கத்தி முடித்ததும் கண் இருட்டியது. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அடுப்படி வாசலில் ஜாஸ்லின் நின்றிருந்தாள். கையில் கரண்டி இருந்தது. "அதான் சொல்றாங்கல்ல, போயி எறக்குங்க" என்று கணவனைப் பார்த்துச் சொன்னாள். பிறகு எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள்: "அடுப்பை நிறுத்திட்டேன். ரசம் கொதிக்கல. பாயாசம் அடி புடிச்சிருச்சு. வேணுங்கறவங்க உள்ள வந்து செஞ்சுக்குங்க." கரண்டியைக் குடிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மாமியாருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

ரெஜின் கார் நின்ற இடத்துக்குப் போனான். பெரியநாயகசாமி சாவியைக் கொடுக்கச் சற்று நேரம் எடுத்துக்கொண்டார். அட்டைப் பெட்டிகளை ஒவ்வொன்றாக ரெஜின் தூக்கி வந்தான். உறவினர்கள் வழி விட்டு ஒதுங்கினார்கள். சிலர் செல்போனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். சிலர் எதையும் பார்க்காததுபோல் எல்லாவற்றையும் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பிரியாணி வண்டி வந்து நின்றது. யாரும் கேட்காமலே இரண்டு பேர் அண்டாவை இறக்கினார்கள். அப்புறம் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பசி அப்படி.

பெரியநாயகசாமி மட்டும் சாப்பிடவில்லை. "என் தம்பி செத்தப்புறம் அவனை இப்படி அசிங்கப்படுத்திட்ட. இனிமே இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்றார்.

"சரிங்க மாமா" என்றாள்.

அவர் வேறு ஏதோ பதில் எதிர்பார்த்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

கூட்டம் கலைந்த பிறகு அவள் பெட்டிகளைத் திறந்து பார்த்தாள். டிக்கியில் இருந்தவை நன்றாக இருந்தன. டிக்கியில் இடம் போதாமல் ரெக்கார்டுக் கட்டு ஒன்றைக் காரின் பின் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். காலையில் பூசைக்குக் கோயில் வாசலில் கார் நின்றதிலிருந்து வெயில் அதன் மேலேயே விழுந்திருக்கிறது. அந்தக் கட்டில் இருந்த தட்டுகள் அப்பளம்போல் நெளிந்துபோயிருந்தன. அவற்றில் ஒன்று சண்டை ரெக்கார்டு.

அதைப் பிளேயரில் வைத்துப் பார்த்தாள். ஊசி ஏறி இறங்கியது. இரண்டு சாக்ஸபோன்களும் குடித்துவிட்டுத் தள்ளாடுகிறவர்கள் மாதிரி இழுத்தன. பிறகு ஊசி துள்ளி விழுந்து ஒரே இடத்தில் கீறத் தொடங்கியது. எடுத்துவிட்டாள். அவள் அழவில்லை. யார் மேலாவது எதையாவது எறிய வேண்டும்போல் இருந்தது. எறியக் கையில் தெம்பில்லை. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது.

"ஊர் முன்னாடி எங்க மானத்தை வாங்கிட்ட" என்றான் ரெஜின் சாயங்காலம்.

"என்னைக் கேக்காம என் நெலத்தைப் பேசி முடிச்சியே, அப்ப என் மானம் எங்க போச்சு?"

அவன் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். மறுநாள் காலையே, ஆபீசில் அவசர வேலை என்று கிளம்பினான். பிரின்ஸியும் கிளம்பினாள். ஜாஸ்லின், பள்ளிக்கூடம் திறக்கும் வரை தானும் குழந்தைகளும் இங்கேயே இருக்கப்போவதாகச் சொன்னாள். "அத்தைக்கு ஒடம்பு சரியில்லாதப்ப எப்படி விட்டுட்டு வர்றது?" என்று அவன் சொன்னதையே அவனிடம் திருப்பிச் சொன்னாள். அவன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனான்.

அந்த ஒரு வாரம்தான் பாத்திமா மேரி உண்மையில் ஓய்வெடுத்தாள். குடிலைச் சுவர் ஓரமாக நகர்த்திவிட்டு, இரண்டு பெண்களும் மூச்சு வாங்க இழுத்து அலமாரியையும் பிளேயரையும் கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். உப்பில்லாத கஞ்சி, அவித்த காய். விசாரிக்க வருகிறவர்களை ஜாஸ்லின் வாசலிலேயே நிறுத்தி, "தூங்கறாங்க, நான் சொல்லிடறேன்" என்று அனுப்பினாள். உள்ளே கேட்டுக்கொண்டிருக்கும் டிரம்பெட் சத்தம் வாசல் வரை வரும். அதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள்.

ஒரு நாள் பாத்திமா மேரி, "ஒனக்கும் இது புடிச்சிருக்கா?" என்று கேட்டாள்.

"இல்லத்தை. எனக்குத் தலை வலிக்குது" என்றாள் ஜாஸ்லின். "நீங்க கேளுங்க." காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கீரை ஆய்ந்தாள்.

பாத்திமா மேரிக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. பிடிக்காததைப் பிடிக்காது என்று சொல்லிவிட்டு அவளைக் கேட்க விட்டவர் அந்த வீட்டில் அதற்கு முன் யாரும் இல்லை. லீவு முடிவதற்குள் ஒரு நாள் ஜாஸ்லினைக் கட்டாயப்படுத்தி அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பினாள். குழந்தைகளுக்கு அன்று ரொட்டியும் பாலும்தான். அவர்கள் அதை விருந்துபோல் சாப்பிட்டார்கள்.

வைரக்கண்ணுவைக் கூப்பிட்டு, நிலம் குத்தகைக்கு இல்லை என்று சொல்லி அனுப்பினாள். அவர் சிரிப்பது நின்றது.

பொங்கலுக்கு முன்னால் ரெஜின் போன் செய்தான். டெஸ்ட் ரிப்போர்ட் என்ன ஆயிற்று என்று கேட்டான். நன்றாக இருக்கிறது என்றாள். பிறகு, "எந்த ரெக்கார்டும்மா வீணாப்போச்சு? அட்டைய போட்டோ எடுத்து அனுப்பு. ஆன்லைன்ல கெடைக்குதான்னு பாக்கறேன்" என்றான்.

"வேணாம்" என்றாள்.

"இன்னும் கோவமா?"

"ஆமாம்."

"எத்தனை நாளைக்கும்மா?"

"எனக்கு எப்படித் தெரியும்? போற அன்னிக்குப் போவும். வேற ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டா சரியாப்போச்சுன்னு நீ நெனைச்சுரக் கூடாது ரெஜின். அது போயிருச்சு. போனது போனதாவே இருக்கட்டும்."

அவன் போனை வைக்கவில்லை. அதுவே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. "சரி" என்றான். "ஒன்னைக் கேட்டுருக்கணும்மா. நெலத்துக்கும் கேட்டுருக்கணும்." அவள் ம் என்றாள். அதற்கு மேல் அன்றைக்கு அவளால் கொடுக்க முடியவில்லை.

பங்குத்தந்தையும் ஒரு நாள் வந்தார். பெரியநாயகசாமி அவரிடம் பேசியிருக்கிறார் போலும். மூத்தவர் மனசு நொந்திருக்கிறார், நீங்களாக ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிட்டால் குடும்பம் ஒன்றாகிவிடும் என்றார்.

"நான் பொய் ஏதாவது சொன்னனா ஃபாதர்?"

"பொய்யுன்னு யாரும் சொல்லலியேம்மா."

"அப்ப எதுக்கு மன்னிப்பு?"

அவர் சிரித்துவிட்டு, வேறு வீட்டுக்குப் போக வேண்டும் என்று எழுந்தார். நல்ல மனிதர். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

தை மாதக் கடைசியில் சம்பா அறுப்பு. தண்ணீர் ஏறி நின்ற ஓரத்தில் பயிர் கொஞ்சம் பழுதாகியிருந்தது, மற்றபடி நல்ல விளைச்சல். பாத்திமா மேரி காலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, நாகம்மாளுக்கும் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்து, வயலுக்கு வந்தாள். வெளியூரிலிருந்து வந்த அறுவடை மெஷின் கரகரவென்று கதிரைத் தின்றுகொண்டு போனது. மூலையில் திரும்பும்போது டிரைவர் சோம்பல்பட்டுப் பின்னால் எடுக்காமல், அப்படியே வரப்பின் மேல் ஏற்றித் திருப்பினான். போன கோடையில் ஆள் வைத்துக் கட்டிய வரப்பு. பாதி சரிந்து வடிகாலில் விழுந்தது.

பாத்திமா மேரி கத்தினாள். என்ன கத்தினாள் என்பதை இங்கே எழுத முடியாது. மெஷின் சத்தத்தையும் மீறி அது டிரைவருக்குக் கேட்டது. எஞ்சினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். தூரத்து வயலில் வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"தெரியாம ஏறிடுச்சும்மா" என்றான்.

"தெரியாம ஏறுறதுக்கு அது என்னா மாட்டு வண்டியா? எறங்கு. மம்பட்டி அங்க கெடக்கு, எடு."

"அது என் வேலை இல்லங்கம்மா…"

"ஒடைச்சது ஒன் வேலைதானே? எறங்கு!"

அவன் இறங்கினான். மண்வெட்டியை எடுத்துச் சேற்றை வெட்டி வரப்பில் அணைத்தான். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, மூச்சு வாங்காமல், வெயிலில் நின்று பார்த்தாள். மிதித்து இறுக்கச் சொன்னாள். இன்னொரு தரம் மிதிக்கச் சொன்னாள். வரப்பு பழையபடி ஆகும் வரை அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.